ஆறு மாதம் பிந்திய சுழி

மருதங்குடா,
படுவான்கரை.
ஈசுர வருடம் மாசி 9ந் திகதி.

சௌபாக்கியவதி மகள் தெய்வமணிக்கு அப்பா எழுதுவது. நீயும் மருமகன் இராசதுரையும் உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் கண்ணகை அம்மன் காவலில் குறைவில்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் உன் இராசாத்தி மாமியும் மாடு கன்றுகளும் சுகம் என்று எழுதுவது வழக்கம், ஆனபடியால் எழுதுகிறேன், அதில் எவ்வளவு மெய் என்பது கீழே வரும். முதலில் இந்தக் கடிதத்தின் தலையைப் பார். அங்கே இருப்பது மைக்கூட்டில் விழுந்த கரப்பான் ஊர்ந்த தடம் இல்லை. அது பிள்ளையார் சுழி. அதை வைக்க எனக்கு ஆறு மாதம் சென்றது. அதற்குக் கீழே உள்ள எழுத்தெல்லாம் என் இடக்கை எழுதுவது, அந்தச் சுழி ஒன்று மட்டும் வலக்கை வைத்தது. இதைப் படித்துப் பதறி எழும்பாதே, உனக்கு இது ஏழாம் மாதம். நான் நடக்கிறேன், சாப்பிடுகிறேன், மாமியோடு தினமும் சண்டை பிடிக்கிறேன். கை ஒன்றுதான் என் சொல் கேளாமல் போயிற்று, அதுவும் நீ போனதற்குப் பிறகு.

நடந்தது இதுதான். ஆவணி மாதம் சிறுபோக வெட்டு முடிந்து சூடு மிதிக்கிற நாட்களில் நம் வயல் வட்டையில் வாடிக் குடிலில் இருந்துகொண்டு பக்கத்து வயல் நல்லரத்தினத்துக்காக வாய்க்கால் குறையைச் சொல்லி ஒரு பெட்டிசம் எழுதிக்கொண்டிருந்தேன். ‘ஆகையினால் கனம் தங்கிய துரையவர்கள்’ என்ற இடத்தில் பேனை கையை விட்டு விழுந்தது. குனிந்து எடுக்கப் போனேன், கை என்னோடு வரவில்லை. வேறு யாருடைய கையையோ என் தோளில் கட்டித் தொங்க விட்டது போல இருந்தது. வாயும் ஒரு பக்கம் போய்விட்டது, கூப்பிட முடியவில்லை. நான் யோசிக்கிறேன் என்று நினைத்து நல்லரத்தினம் வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருந்திருக்கிறான். அந்த வழியால் சீலைப் பொட்டணியோடு வந்த காத்தான்குடி முத்தலிப்தான் என் முகத்தைப் பார்த்து, “டேய் நல்லரத்தினம், போடியார் யோசிக்கிறாரெண்டா நினைச்சாய், போடியார் போறாரடா!” என்று சத்தம் போட்டாராம். அவரே என்னைத் தோணியில் ஏற்றி வாவி கடந்து எழுவான்கரைப் பரிசாரியிடம் கொண்டு போனார். எண்ணெயும் ஒத்தடமும் கஷாயமுமாக ஒரு மாதத்தில் வாய் திரும்பியது, கால் திரும்பியது, கை மட்டும் மடியில் கிடந்தது. நாலாம் நாள் பார்க்க வந்த நல்லரத்தினம் என்ன சொன்னான் தெரியுமா, “அண்ணன், அந்தப் பெட்டிசத்த முடிச்சுப்போட்டு விழுந்திருக்கலாமே” என்றான். சிரிக்க வாய் வரவில்லை. வந்திருந்தாலும் சிரித்திருக்க மாட்டேன்.

இதை உனக்கு அறிவிக்கக் கூடாது என்று மாமியிடம் சத்தியம் வாங்கியவன் நான்தான். பள்ளிக்கூடத்துக் கனகசூரியம் வாத்தியாரிடமும் முத்தலிப்பிடமும் சொல்லி வைத்தேன். நீ மனம் நொந்து போனவள். போனவள் திரும்பி வருவதென்றால் உன் வீட்டை நினைத்து வர வேண்டும், கை விழுந்த கிழவனுக்கு இரங்கி வரக் கூடாது. அப்படி வந்தால் என்னை நானே உன்னிடம் பிச்சை கேட்க வைத்தது போலாகும். உன் முதல் இரண்டு கடிதத்துக்கும் நான் பதில் போடாததற்குக் கை காரணம் அல்ல, அப்போது கை நன்றாகவே இருந்தது. கோபத்தால் போடவில்லை, அதை மறைக்க மாட்டேன். பிறகு ஐப்பசியில் நீ பிள்ளை உண்டாகியிருக்கும் செய்தி எழுதினாய். அதற்கும் கார்த்திகைக் கடிதத்துக்கும் பதில் வராததால் நீ தையில் எழுதிய கடிதத்தை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். ‘நாலு கடிதம் எழுதினேன் அப்பா. ஒன்றுக்காவது ஒரு வரி போட உங்களுக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டில் நான் கால் வைப்பது உங்களுக்கு விருப்பம் இல்லை என்று விளங்கிக்கொண்டேன். பிள்ளைப் பேற்றை இங்கே ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்கிறோம். இனி எழுத மாட்டேன்.’ நீ விளங்கிக்கொண்டது பிழை. அந்தப் பிழையைத் திருத்தத்தான் இந்தக் கடிதம், வேறு எதற்கும் இல்லை.

உன் வகுப்பைப் பற்றி நான் எழுதின பெட்டிசத்தின் கதையைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. இரண்டு வருடத்துக்கு முந்திய தையில் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உனக்கு எழுத்துத் தொடங்கும் சின்னப் பிள்ளைகளின் அரிவரி வகுப்பைத் தந்தார்கள். தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் நீ அந்தப் பிள்ளைகளுக்கு ஓர் எழுத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. மணலில் கோடு, சிலேட்டில் கோடு, நிற்கும் கோடு, கிடக்கும் கோடு, வளையும் கோடு. ஏடு தொடக்கின அன்றே ‘அ’ எழுதி மடியில் இருந்து இறங்கின பிள்ளைகள் வீட்டுக்கு வந்து கரித்துண்டால் சுவரெல்லாம் கம்பு கம்பாகக் கீறின. தாய் தகப்பன்மார் என்னிடம்தான் வந்தார்கள். ஒருவன் என் முகத்துக்கு நேரே, “போடியார், உங்கட மகள் எங்கட புள்ளையளுக்கு எழுத்தா படிப்பிக்கிறா, வேலி கட்டவா படிப்பிக்கிறா?” என்று கேட்டான். உன்னைக் கேட்டேன். “முதல்ல கையில கண் துறக்கவேணும் அப்பா, மறுகா எழுத்துத் தன்பாட்டில வரும்” என்றாய். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் பள்ளிக்கூட வாசல் மிதித்தவன் அல்ல. எட்டு வயதில் எருமை மேய்த்தவன். யாரோ எறிந்த பஞ்சாங்க ஒற்றையை மடியில் வைத்துக்கொண்டு எருமை சாய்க்கும் கேட்டிக்கம்பால் ஈரச் சேற்றில் எழுதி எழுதிப் படித்தவன். எனக்கு யார் கோடு போட்டுக் காட்டினார்கள்? அதனால் பெட்டிசத்தை நானே எழுதினேன். முதல் கையெழுத்தையும் நானே போட்டேன், தன் மகள் என்றபடியால் வாய் மூடிக்கொண்டிருந்தான் என்று ஒருவனும் சொல்லக் கூடாது என்பதற்காக. அந்தக் கடுதாசியைப் பள்ளிக்கூட மனேச்சர் உன் கையிலேயே தந்து விளக்கம் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. அன்றைக்குப் பொழுதுபட எனக்குச் சோறு போட்டுவிட்டு நீ அழவும் இல்லை, ஏசவும் இல்லை. “அப்பா, உங்கட எழுத்து இப்பவும் நல்ல வடிவு” என்று மட்டும் சொன்னாய். அந்த ஒரு சொல் எனக்கு இன்றுவரை செமிக்கவில்லை. மார்கழியில் மருமகன் தன் தபால் கந்தோர் வேலையைப் பதுளைப் பக்கம் மாற்றிக்கொண்டார், நீயும் போய்விட்டாய். பெட்டிசத்தில் நான் எழுதியது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று மாதம் எழுத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை என்று எழுதினேன், நீ சொல்லிக் கொடுக்கவில்லைதானே.

கை விழுந்து கிடந்தபோது கனகசூரியம் வாத்தியார் மூன்று தரம் வந்தார். “ஐயா, நீங்க சொல்லுங்க, நான் மகளுக்கு எழுதுறன்” என்றார். நல்ல மனுசன்தான். ஆனால் முப்பது வருடம் இந்த ஊர் முழுக்க வந்து என் முன்னால் குந்தியிருந்து தங்கள் துக்கத்தையும் வழக்கையும் சொல்ல, நான் எழுதினவன். இப்போது நான் குந்தியிருந்து என் மகளுக்குச் சொல்ல வேண்டியதை இன்னொருவனுக்குச் சொல்வதா? முடியாது என்றேன். இடக்கையால் நானே எழுதுவேன் என்று தொடங்கினேன். நேரே எழுத்திலேயே தொடங்கினேன், என் வழக்கம் உனக்குத் தெரியும். ‘அ’ எழுதினால் மிதிபட்ட தவளை மாதிரி வந்தது. ‘த’ எழுதினால் அது விழுந்து கிடந்தது. புரட்டாதி முழுக்க அப்படிப் போயிற்று. மாமி எட்டிப் பார்த்து, “அண்ண, தெய்வமணிக்கு எழுதுறீங்களா, கோழி கிளறுதா?” என்று கேட்டாள். தாள் வாங்கித் தந்த முத்தலிப், “போடியார், இவ்வளவு தாளுக்கும் நான் ரெண்டு சாறன் தந்திருப்பனே” என்றார். பேனையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பத்து நாள் தொடவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. உன் வீட்டு நடு அறைக்கு மேலே ஓடு விலகி ஒழுகத் தொடங்கிற்று. நீ பூட்டிவிட்டுப் போன நாளிலிருந்து நான் அந்தக் கதவைத் திறந்ததில்லை. வளவின் மூலையில் உள்ள சின்ன வீட்டில்தான் படுக்கிறேன், உன் கலியாணத்தன்றே அது உன் வீடு, எனக்கு அங்கே வேலை இல்லை. ஒழுக்குக்காகத்தான் திறந்தேன். தண்ணீர் விழுந்த இடத்தில் உன் தகரப் பெட்டி இருந்தது. அதை இழுத்து வைக்கும்போது மூடி கழன்றது, உள்ளே ஒரு கட்டு மட்டை. முத்தலிப்பின் சீலைக் கட்டோடு வரும் தடித்த மட்டை, அதில் விளாம்பிசினால் நூல் ஒட்டியிருந்தது. மாமி கையில் எடுத்துப் பார்த்து, “இது நம்மட வலை நூலெல்லோ அண்ண” என்றாள். தெய்வமணி, காணாமல் போன அந்த நூல் கட்டை நல்லரத்தினம்தான் எடுத்தான் என்று நான் இரண்டு வருடம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவனுக்குப் பெட்டிசம் எழுதச் சம்மதித்ததே பெரிய மனது பண்ணித்தான். எடுத்தது நீ. கேட்டிருந்தால் தர மாட்டேன் என்று தெரிந்துதான் கேட்காமல் எடுத்திருக்கிறாய், அது சரிதான், தந்திருக்க மாட்டேன்.

அந்த மட்டைகளை நீ எப்படிச் செய்தாய் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கோடு. நூல் தொடங்கும் இடத்தில் ஒரு முடிச்சு, விரல் எங்கே புறப்பட வேண்டும் என்று கண் பார்க்காமலே தெரியும்படி. பின்பக்கத்தில் உன் சின்ன எழுத்து. நட்ட கம்பு. கிடக்கும் வரம்பு. சாய்ந்த மழை. வாவித் திரை. தூண்டில். நத்தை. முதல் மட்டையின் பின்னால், ‘விரலால் நூல் மேல் போக வேண்டும். பிறகு மணலில். பிறகுதான் சிலேட்டு. ஒன்று கைக்கு வந்த பின்பே அடுத்தது. பிள்ளையை அவசரப்படுத்தக் கூடாது’ என்று இருந்தது. ஆள் இல்லாத நேரம் பார்த்து முதல் மட்டையை எடுத்து இடக்கை விரலை முடிச்சில் வைத்தேன். நூல் வழியே இழுத்தேன். பிறகு சுளகில் மணல் பரப்பி இழுத்தேன். கம்பு நேரே நின்றது. உனக்கு ஒன்று சொல்கிறேன், ஆனால் இதை வைத்து நான் தோற்றேன் என்று மருமகனிடம் வாசித்துக் காட்டாதே. ஓர் எழுத்தை எழுது என்றால் கையிடம் ஒரே மூச்சில் நாலு வேலை கேட்கிறோம். புறப்படு, வளை, திரும்பு, நில். கோடு ஒரு வேலைதான் கேட்கிறது. பழகாத கடாவை எடுத்த எடுப்பில் சேற்றில் ஏரில் பூட்டுகிறவன் மடையன், முதலில் கழுத்தில் கட்டை கட்டித் தரையில் இழுக்க விடுவோம். இது எனக்கு மாட்டில் தெரிந்திருந்தது, கையில் தெரியவில்லை. சேற்றில் கேட்டிக்கம்பால் எழுதிப் படித்தேன் என்று மேலே எழுதினேன் அல்லவா, எழுத்துக்கு முன்னால் ஒரு வருடம் எருமைக்குப் பின்னால் நடந்துகொண்டு அந்தக் கம்பைச் சும்மா இழுத்துக்கொண்டே போவேன், வரம்பு நீளத்துக்கும் கோடு விழும், திரும்பிப் பார்ப்பேன், வளைந்திருந்தால் அடுத்த வரம்பில் நேராக இழுப்பேன். அது என்ன என்று இப்போது யோசித்தேன். யோசித்ததோடு சரி.

கார்த்திகை முடிய இடக்கை எழுதத் தொடங்கிவிட்டது. வடிவு இல்லை, ஆனால் வாசிக்கலாம். உனக்கு மூன்று தரம் கடிதம் எழுதத் தாளை எடுத்தேன், மூன்று தரமும் தலையிலேயே நின்றுவிட்டேன். சுழி வைக்க வேண்டும். இடக்கையால் பிள்ளையார் சுழி வைக்க எனக்கு முடியாது. அந்தக் கை எதற்கான கை என்று உனக்குத் தெரியும். மாமி, “சுழி இல்லாம எழுதுங்க” என்றாள். சுழி இல்லாமல் நம் ஊரில் சாவுச் செய்திதான் எழுதுவோம், பிள்ளை வயிற்றோடு இருக்கிறவளுக்குத் தலை மொட்டையாய் ஒரு கடுதாசி போனால் அதைக் கையில் வாங்கின உடனே உன் நெஞ்சு என்ன பாடுபடும்? “அப்ப இடக்கையால போடுங்களன், பிள்ளையாருக்குக் கண் தெரியாதா, உங்கட கை விழுந்த கதை?” என்று சண்டைக்கு வந்தாள். வாத்தியார் கையால் ஒரு சுழி வாங்கி வைக்கட்டுமா என்று கேட்டாள். மற்றவன் சுழிக்குக் கீழே நான் எழுதுவதா? வலக்கை ஒரு சுழி வைக்கும்வரை கடிதம் போகாது என்று சொல்லிவிட்டேன். மாமி, “அதுக்குள்ள அந்தப் புள்ளை பெத்துப் பேரும் வச்சிருவா” என்று சொல்லிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவள் சொன்னது சரி, நான் செய்தது பிழை என்று உன் தைக் கடிதம் வந்தபோது பட்டது. பட்டும் மாற்றவில்லை. நான் அப்படித்தான், நீ அறியாததா.

மட்டைகளை நான் உன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஒழுங்காகவே எடுத்து வந்தேன், ஒன்று கைக்கு வராமல் அடுத்ததைத் தொடவில்லை. ஆனபடியால் கட்டின் அடியில் கிடந்த கடைசி மட்டையை மார்கழியில்தான் புரட்டினேன். அதில் நூலால் ஒரு பிள்ளையார் சுழி. ஊரில் எல்லோரும் சுழியின் வாலை நேரே இழுத்துவிட்டுப் போவார்கள். நான் ஒருவன்தான் கடைசியில் கொஞ்சம் மேலே தூக்கி விடுவேன், தோணி கரை ஏறும்போது அதன் முன்பக்கம் எழும்புவது போல. உன் மட்டையில் வால் எழும்பியிருந்தது. நீ மட்டக்களப்பில் போடிங்கில் தங்கிப் படித்த காலத்தில் நான் எழுதிய கடிதங்களைப் பார்த்து அளந்து ஒட்டியிருக்கிறாய் என்று கண்டுகொண்டேன். திருப்பினேன். பின்னால், ‘இது கடைசி. அப்பா வைக்கிற சுழி. வால் மேலே எழும்ப வேண்டும்’ என்று எழுதியிருந்தாய். மனேச்சர் நிறுத்தச் சொல்லாவிட்டால் அந்தச் சித்திரையில் அரிவரிப் பிள்ளைகள் எல்லாம் மருதங்குடா கதிராமத்தம்பியின், அதாவது என், சுழியைத்தான் முதலில் வைத்திருக்கும். அதற்கு முன்னால் நான் பெட்டிசம் எழுதினேன். அந்த மட்டையை வைத்துக்கொண்டு உன் வீட்டு நடு அறையில் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. மாமி சோற்றுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் சோற்றை அங்கேயே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

அன்று தொடங்கி வலக்கைக்கு வேலை. விரலை இடக்கையால் பிடித்துத் தூக்கி முடிச்சில் வைப்பேன். நூல் மேலே இழுத்துக்கொண்டு போவேன், செத்த மீனை இழுத்தது போல வரும். ஒன்றும் தெரியாது. காலையில் ஐம்பது தரம், மாடு கட்டின பிறகு ஐம்பது தரம். தைப் பொங்கல் கழிந்து நாலாம் நாள் முடிச்சு தெரிந்தது. விரல் நுனியில் ஒரு கடுகு போல. மாமியைக் கூப்பிட்டுச் சொன்னேன், அவள் அடுப்படியில் இருந்து அழுதாள், நான் ஏசினேன். அதற்குப் பிறகு கரித்துண்டைச் சீலைத் துண்டால் கையோடு கட்டிக்கொண்டு சுளகில் கீறினேன், பிறகு தாளில். எத்தனை தாள் என்று கேளாதே. இன்று காலை வந்ததுதான் மேலே நீ காண்பது. வால் எழும்பவில்லை, கீழே சரிந்துவிட்டது, எனக்குத் தெரியும். இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் எழும்பும். ஆனால் உன் மாதம் பொறுக்காது என்று மாமி சொன்னாள், அதனால் சரிந்த வாலோடு அனுப்புகிறேன். என் ஆயுளில் திருத்தாமல் நான் அனுப்பும் முதல் கடுதாசி இது.

இனிக் கேள். அந்த வீட்டில்தான் உன் அம்மம்மா உன் அம்மாவைப் பெற்றாள், உன் அம்மா உன்னைப் பெற்றாள், அவள் கண்ணை மூடினதும் அங்கேதான். நம் பக்கத்தில் வீடு பெண் வழியில் போவது, தகப்பன் அதற்குக் காவல்காரன் மட்டும்தான். காவல்காரனோடு கோபித்துக்கொண்டு சொந்தக்காரி வீட்டை விடுவாளா? ஓடு மாற்றிவிட்டேன். நடு அறைக்குச் சாணி மெழுகி மாமி வேப்பிலை செருகி வைத்திருக்கிறாள். கிணற்றைச் சேறு இறைத்தாயிற்று. ஆஸ்பத்திரி கூடாது என்று நான் சொல்லவில்லை, மட்டக்களப்பிலும் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, நோவு கண்டு வருத்தம் என்றால் தோணியில் ஒரு பொழுதுக்குள் போய்விடலாம், முத்தலிப் தன் தோணியைத் துறையில் கட்டி வைப்பதாக வாக்குத் தந்திருக்கிறார். பங்குனி பிறந்தால் பஸ்ஸில் அவ்வளவு தூரம் குலுங்கி வரக் கூடாது, ஆகையால் இந்த மாதமே வந்துவிடு. முன் ஆசனத்தில் இரு. மலைக் குளிரில் வெறுங்காலோடு நிற்காதே. பதுளைப் பக்கத்தில் எருமைத் தயிர் கிடைக்காது என்று எழுதியிருந்தாய், இங்கே உனக்கென்று ஒரு எருமை கன்று போட்டு நிற்கிறது, தயிரை மாமி உறியில் தூக்கி வைத்துவிட்டு, “ஆருக்கு இது, ஆருக்கு இது” என்று என்னைப் பார்த்துக் கேட்கிறாள். மருமகனுக்கு லீவு கிடைக்காவிட்டால் நான் செங்கலடி வரைக்கும் வந்து பஸ்ஸில் இருந்து உன்னை இறக்கிக்கொள்கிறேன். கூட்டத்தில் என்னைத் தேடாதே, வலக்கையைச் சால்வையால் மூடிக்கொண்டு நிற்பேன்.

பள்ளிக்கூடத்துச் செய்தியும் ஒன்று. நீ கோடு கீற வைத்த பிள்ளைகள் இப்போது இரண்டாம் வகுப்பு. அவர்கள் சிலேட்டைப் பார்க்க நான் போகவில்லை, வழியில் கண்டேன், பார்த்தேன், அவ்வளவுதான். வரி ஏறாமல் இறங்காமல் போகிறது. இந்தத் தையில் புதிதாய் அரிவரிக்கு வந்ததுகள் முதல் நாளே ‘அ’ எழுதச் சொல்லிக் கல்லுப் பென்சிலை முறித்துப்போட்டு அழுகின்றன, ஒன்று பள்ளிக்கூடம் என்றாலே வேலிக்குள் ஒளிக்கிறதாம். கனகசூரியம் வாத்தியார் உன் மட்டைகளைக் கேட்டு வந்தார். தர மாட்டேன், சொந்தக்காரி வந்து தரட்டும் என்றேன். அவர் தயங்கித் தயங்கி, “மனேச்சர் கோடு கீறுறதை நிப்பாட்டச் சொன்னது உங்கட கடுதாசியாலதானே ஐயா. முதல் பேர் உங்கட. நீங்களே ஒரு வரி எழுதிப்போட்டா அவர் திரும்ப விடுவார்” என்றார். நான் அவருக்கு ஓம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இடக்கையால் கையெழுத்துப் போடுகிறவன் அல்ல நான் என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெட்டிசத்தில் போட்டது வலக்கை. அதற்கு மேலே ஏதும் போடுவதென்றால் அதே கைதான் போட வேண்டும்.

உன்னையும் மருமகனையும் பிறக்கப் போகிற பிள்ளையையும் கண்ணகை அம்மனும் பிள்ளையாரும் காக்கட்டும், சுகமாய்ப் பெற்று மடி நிறைந்து இரு. மறக்காமல் வரும் திகதியை ஒரு வரியில் எழுதிவிடு, எழுத மாட்டேன் என்று சொன்னதை நான் கணக்கில் எடுக்கவில்லை, நீ என் மகள் என்றாலும் பிடிவாதத்தில் என் அளவு வர உனக்கு இன்னும் வயது இருக்கிறது. வீட்டைப் பூட்டின திறப்பு என் இடுப்பில் இருக்கிறது, இனி உன் கையில் தரத்தான் அதை அவிழ்ப்பேன்.

இந்தக் கடிதத்துக்குக் கீழே என் பெயர் இல்லை என்று தேடாதே. வலக்கைக்குச் சுழி வரைக்கும்தான் வந்திருக்கிறது. பெயர் வர இன்னும் நாள் எடுக்கும், வந்ததும் அது போடும் முதல் கையெழுத்து அந்த மனேச்சருக்குப் போகும் கடுதாசியில்தான். அதை நான் போடும்போது நீ பக்கத்தில் இருந்து, என் கை நூலை விட்டு விலகுகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரைக்கும் சுழியின் வாலைப் பார்த்து ஆளை அறிந்துகொள்.

இப்படிக்கு,
உன் அப்பா.